முஷ்டியில் முதலிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூர்க்காரி என்று தெரிந்ததும் பலர் முகத்தை ஒரு மாதிரி தயார் செய்துகொள்கிறார்கள். 2004 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. நானும் ஒன்பது வயது மகளும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தோம். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தது என் கணவருக்கு. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜனங்கள் ஓடினார்கள். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் செருப்பில் ஒன்று போனது. பக்கத்தில் ஓடியவர்களுக்கு என்ன ஆனது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. அவர்கள் வீட்டில் யாராவது எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நானும் கொஞ்ச காலம் நம்பினேன்.

முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர். மஞ்சக்குப்பத்தில் பல வருடங்களாக எனக்கு ரவிக்கை தைப்பவர். புது ரவிக்கை தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"அளவு ரவிக்கை நீங்கதானக்கா குடுத்தீங்க? அதப் பாத்துதான் தச்சேன்."

"அப்ப இது ஏன் இப்படி நிக்குது?"

"அளவு ரவிக்கையே இப்ப ஒங்களுக்குச் சேராது. தோள எறக்கி நில்லுங்க."

"எறக்கித்தான் நிக்கிறேன்."

அவர் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னார். "காதுக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு எடம் இருந்துச்சு. அது எங்க போச்சுன்னு நீங்களே சொல்லுங்க. நானா வெட்டி எடுத்துக்கிட்டேன்?"

கண்ணாடியில் மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிறவள் மாதிரி ஒருத்தி நின்றாள். வெளியே நல்ல வெயில். தோளை இறக்கப் பார்த்தேன். எதை இறக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் அவரே ரவிக்கையைப் பிரித்துத் தைத்தார். "இப்ப இருக்குற ஒடம்புக்குத் தச்சிட்டேன். பழையபடி ஆனதும் கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்றார்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தவள் மகள். அடுத்த வருடம் ஒரு நாள் இருவரும் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்ததும், நேராக அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் குடிகாட்டுப் பக்கம் ரசாயன ஆலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு வெரல் தடம் தெரியுது. கட்டவெரல் எங்க?"

"அது அடியில இருக்குப்பா."

திருப்பினார். இருந்தது.

"இனிமே நான் அம்மாகூட எங்கயும் வரமாட்டேன். ஒங்கூடத்தான் வருவேன்."

"அம்மா வேணும்னு புடிக்கல பாப்பா."

"அதான்ப்பா பிரச்சன. புடிச்சிருக்கோம்னே அதுக்குத் தெரியல."

அவள் சொன்னது சரி. எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போக, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் வரை தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். பரிசோதகர் ஏறி டிக்கெட் கேட்டால் என் கையிலிருந்து ஒரு உருண்டைதான் வரும். அவர் அதைப் பிரித்து, நீவி, வெளிச்சத்தில் காட்டிப் படிப்பார். காலையில் எழும்போது தலையணையின் ஒரு மூலை என் வலது கைக்குள் இருக்கும். நான் ஒரு தடவைகூட அதைப் பிடித்ததாக ஞாபகம் இல்லை.

மகள் சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கு ஷிஃப்ட் என்றால் வெளியே போகும் வேலையையே தள்ளிப்போட்டாள். தெருவில் மூவரும் போனால் எனக்கும் அவளுக்கும் நடுவில் அவரை நடக்கவிட்டாள். ஒரே பிள்ளை. என் கண்ணெதிரில் இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். கையை விட்டால்தான் அவள் என்னோடு வருவாள். கையோ என்னைக் கேட்டுக்கொண்டு பிடிப்பதில்லை. விஷயம் இவ்வளவுதான். இதைத்தான் நான் நரம்பு டாக்டரிடமும் சொன்னேன். அவர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், எக்ஸ்ரே எடுத்தார், எல்லாம் நார்மல் என்றார். டென்ஷன் ஆகக் கூடாது என்றும் சொன்னார். அதற்கு மாத்திரை உண்டா என்று கேட்டேன். தூங்குவதற்குத்தான் இருந்தது.

உடம்பைத் தெரிந்துகொள்ள யோகா நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் காலை வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தது. சொல்லித்தர வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மிகவும் நல்ல மனிதர். முதல் நாள் கடைசியில் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். நான் சுவரோரம். எனக்குப் பக்கத்தில் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த பெண்கள் சிலர். அந்தப் பக்கம் ஓய்வு பெற்றவர்கள்.

"கண்ண மூடிக்குங்க. மனசு அப்படியே லேசாகட்டும். இப்ப ஒரு சத்தம் வருமுங்க. அதுக்குள்ள போயிருங்க" என்றார். டேப் ரெக்கார்டரில் பொத்தானை அழுத்தினார்.

கடல்.

நல்ல பதிவு. தூரத்தில் கிளம்பி, உருண்டு வந்து, கிட்டத்தில் உடைந்தது. "அல வருதுங்க. ஒங்க பாதத்தத் தொடுது. முழங்காலத் தொடுது. இடுப்பு வரைக்கும்..."

இடுப்பு வரைக்கும் என்று அவர் சொல்லி முடித்தபோது தரையில் யாரும் இல்லை. ஓய்வு பெற்ற ஒருவர் மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் ஏறி நின்றிருந்தார். அது தரையைவிட உயரம். நான் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. குப்பத்துப் பெண்களில் ஒருவர் மட்டும் ஓடவில்லை. நேராக டேப் ரெக்கார்டரிடம் போய்விட்டார்.

"யோவ், நிறுத்துய்யா அத!"

"என்னாச்சுங்க? எல்லா ஊர்லயும் இதத்தானுங்க போடுவோம்."

"ஒங்க ஊர்ல யான வந்து வூட்ட இடிச்சா, யான சத்தம் போட்டுத் தூங்குவியா நீ?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். பிறகு கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் குயில் சத்தம் கொண்டுவந்தார். பாதிப் பேர் வரவில்லை. நான் போனேன். கண்ணை மூடிக்கொண்டு உடம்பைக் கவனிக்கச் சொன்னார், கவனித்தேன். கழுத்துக்குக் கீழே கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது. கண்ணை மூடியதும் எந்த நிமிடமும் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அசையாமல் கிடப்பது எனக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு விலகினேன்.

இந்தச் சமயத்தில் மகளுக்கு நாட்டியம் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. பள்ளி ஆண்டு விழாவில் யாரோ ஆடியதைப் பார்த்த ஆசை. சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் ஒரு மாடியில் வகுப்பு நடப்பதாக அலுவலகத்தில் விசாரித்தேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள். அன்று அவளையும் அழைத்துப் போய், வேலை முடிந்ததும் வகுப்பில் விடுவது என்று ஏற்பாடு. அவள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், நடுவில் அவளுடைய பை, பிறகு நான்.

டீச்சர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் தொட்டிலில் அவருடைய கைக்குழந்தை. கழியால் கட்டையில் தாளம் தட்டும்போது குழந்தை தூங்கும். தாளம் நின்றால் அழும். அதனால் அந்த வகுப்பில் அதிக ஓய்வு கிடையாது.

"பேரன்ட்ஸ் மாடியில உக்காரக் கூடாதுக்கா. பிள்ளைங்க என்னப் பாக்காம அம்மாவப் பாக்குதுங்க" என்றார் டீச்சர்.

"ஒரு ஓரமா நிக்கிறேன் டீச்சர்."

"நிக்கவும் கூடாது. மாடிக்கு வந்தா ஆடணும். இல்லன்னா கீழ."

கீழே போய் நின்றேன். வீட்டுக்காரரின் சைக்கிளைத் தவிர வேறு துணை இல்லை. தலைக்கு மேல் காலடிச் சத்தம். அதில் என் மகளின் கால் எது என்று கண்டுபிடிக்க முயன்றேன். திடீரென்று எல்லாம் நின்றது. நான் மேலே இருந்தேன்.

"என்னாச்சு?"

"தண்ணி குடிக்கிறாங்க" என்றார் டீச்சர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வந்துட்டீங்க. முந்தானையச் சொருகிக்குங்க. கடைசி வரிசையில நில்லுங்க."

இப்படித்தான் நான் நாற்பது வயதுக்கு மேல் பரதநாட்டியம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கலை ஆர்வம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கீழே நின்றால் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. வேறு காரணம் இல்லை.

கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றது ஏழு வயதுப் பெண் ஒன்று, முன்பல் விழுந்தது.

"ஆண்ட்டி, நீங்க புதுசா?"

"ஆமா."

"முட்டிய மடக்கணும். நீங்க சும்மா நிக்கிறீங்க."

"மடக்கித்தான் நிக்கிறேன்."

"அய்யோ" என்றது அது.

முதலில் தட்டடவு. அரைமண்டியில், முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்து, வலது காலைத் தட்டு, இடது காலைத் தட்டு, அவ்வளவுதான். சிமெண்ட் தரையில் பாதம் முழுதாகப் படும்படி தட்ட வேண்டும். குதிகால் மட்டும் பட்டால் சத்தம் வேறு மாதிரி வரும், டீச்சர் திரும்பாமலே சொல்லிவிடுவார். சில வாரங்களில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: எனக்குப் பாதம் இருக்கிறது. யோகா வகுப்பில் எவ்வளவு தேடியும் கிடைக்காதது, தட்டிய இடத்தில் எரிச்சலாக வந்து சேர்ந்தது. பஸ்ஸில் திரும்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அந்த எரிச்சலைப் பார்த்துக்கொண்டே வருவேன். இது என்னுடையது, இதோ இங்கே இருக்கிறது என்று தோன்றும். ஆனந்தம் என்று சொல்ல மாட்டேன். எரிச்சல்தான்.

பிறகு கைமுத்திரைகள் வந்தன. ஒரு சனிக்கிழமை முஷ்டி. கையை மூடிக் கட்டைவிரலை மேலே வைப்பது. டீச்சர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"எல்லாரும் இங்க பாருங்க. முஷ்டின்னா இதான் முஷ்டி. ஒரு ஓட்ட இருக்கா பாருங்க."

பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கல்லூரி முடித்த பிறகு எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைத்த முதல் முதலிடம் அதுதான். என் மகள் மட்டும் வந்து பார்க்கவில்லை. அவளுக்கு அந்த முஷ்டி பழக்கம்.

அடுத்தது பதாகம். கொடி மாதிரி நான்கு விரல்களும் நேராக, ஒட்டி, கட்டைவிரல் மட்டும் மடங்கி இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் முதல் நாளே பிடித்துவிடுவது. என் விரல்கள் பஸ் கம்பியைப் பிடித்திருப்பதுபோல் வளைந்தே நின்றன.

"என்னத்தக்கா புடிச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் புடிக்கல டீச்சர்."

"விடுங்க."

"விட்டுட்டேன்."

அவர் வாதாடவில்லை. வீட்டில் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பழகச் சொன்னார். சமையலுக்கு நடுவே கூடத்துச் சுவரில் கையை வைத்து நிற்பேன். கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு நாள் பார்த்தார்.

"ஏம்மா, செவுத்த ஏன் தள்ளுற?"

"பதாகம் பழகுறேன்."

"பாத்துத் தள்ளு. வாடகை வூடு."

முகபாவம் சொல்லித்தந்த வாரம் இன்னும் மோசம். ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்க வேண்டும். சிரிப்பு, கோபம், அருவருப்பு எல்லாவற்றையும் பிள்ளைகள் பிரமாதமாகச் செய்தார்கள். எனக்குப் பயம் வந்தது. அதாவது, எனக்குச் செய்யக் கிடைத்த பாவம் பயம். நான் முன்னால் போய் நின்று பயப்பட்டேன். அந்த மாடியில் அந்தப் பாடத்தில் என்னைவிடப் பயிற்சி உள்ளவர் யாரும் இருந்திருக்க முடியாது.

டீச்சர் காத்திருந்தார். "ஆரம்பிங்கக்கா."

"செஞ்சிட்டேன் டீச்சர்."

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்குக்கா."

பல் விழுந்த பெண் கண்ணை விரித்து, தோளைச் சுருக்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. வகுப்பு முடிந்தால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக் குதிக்கும்.

பதாகத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பாடம் சில மாதம் கழித்து வந்தது. மேகம், காடு, ஆறு, கதவு என்று நிறைய இருக்கிறது. அதில் அலையும் உண்டு. டீச்சர் இரண்டு கைகளையும் மெல்ல ஏற்றி இறக்கி, சின்னச் சின்னதாக, அழகாகக் காட்டினார். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு அமைதியான கடல்.

"அல அப்படி வராது டீச்சர்" என்றேன்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னது இல்லை. கழி நின்றது. தொட்டிலில் குழந்தை அழ ஆரம்பித்தது. டீச்சர் காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "எப்படி வரும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

இரண்டு கைகளையும் மார்புக்கு நேராக, உள்ளங்கை வெளியே தெரியும்படி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏற்றவில்லை, இறக்கவில்லை. அப்படியே முன்னால் நடந்தேன். முன் வரிசைப் பிள்ளைகள் விலகினார்கள். நான் நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. கைப்பிடிச் சுவர் வரை நடந்து, கை சுவரில் மோதியபோது நின்றேன். கைகளை நடுவில் எங்கேயும் இறக்கவில்லை. அதுதான் விஷயம். அலை என்றால் ஒரு இடத்தில் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் அன்று எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பியபோது பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். என் மகள் அவர்களோடு இல்லை. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் நடக்க ஆரம்பித்ததுமே ஏறியிருக்க வேண்டும்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். "பதாகம் வந்துடுச்சுக்கா" என்றார்.

பார்த்தேன். நான்கு விரல்களும் நேராக இருந்தன. ஒட்டியும் இருந்தன. கட்டைவிரல் முறைப்படி மடங்கியிருந்தது. டீச்சர் கழியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். குழந்தை தூங்கிவிட்டது. எல்லோரும் வரிசைக்குத் திரும்பினோம்.

அன்று பஸ்ஸில் பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டும்வரை மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை. பேசினால் அவள் பயப்படுவாள் என்று நான் இருந்தேன். நான் பயப்படுவேன் என்று அவள் இருந்திருக்கிறாள்.

"நீ வெள்ளையா காட்டின" என்றாள்.

"என்னாது?"

"அலைய. அது கறுப்பா இருந்துச்சும்மா. குப்ப, சேறு எல்லாம் சேந்து."

"கையில கறுப்ப எப்படிடி காட்றது?"

யோசித்தாள். "கைய ரொம்ப சுத்தமா வச்சிருந்த. கொஞ்சம் அழுக்கா வச்சிருக்கணும்." பிறகு, "மத்தபடி சரிதான். அப்படித்தான் வந்துச்சு" என்றாள்.

நடுவில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பைக்குள் பிஸ்கட் இருந்தது, அதற்காகவும் இருக்கலாம்.

அடுத்த மாதம் அவள் நாட்டியத்தை விட்டுவிட்டாள். கால் வலிக்கிறது, வாலிபால் டீமில் சேர்த்திருக்கிறார்கள், எந்தப் பொண்ணு அவங்க அம்மாவோட ஒரே க்ளாஸ்ல படிக்குது என்று பல காரணங்கள் சொன்னாள். மூன்றாவதுதான் உண்மை. நானும் விட்டுவிடுவேன் என்று கணவர் எதிர்பார்த்தார். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை கால் தானாகக் கீழ வீதிக்குப் போய்விட்டது. மகள் இல்லாமல் மாடி ஏறினேன். வகுப்புக்கு நடுவே தண்ணீர் குடிக்கும்போது வீட்டுக்குப் போன் செய்வேன்.

"என்ன பண்றா?"

"டிவி பாக்குறா" என்பார் கணவர்.

"எங்க ஒக்காந்து?"

"டிவிக்கு முன்னாடி."

சில மாதங்களில் போன் செய்ய மறந்த சனிக்கிழமைகளும் வந்தன. அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

திட்டக்குடியில் கணவரின் அண்ணன் வீடு. கடலே இல்லாத பக்கம், கரும்பும் மக்காச்சோளமும். அலைக்குப் பிறகு அவர் ஒவ்வொரு முறையும் எங்களைக் குடியேறச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வளைகாப்புக்குப் போனபோது நான் ஆடக் கற்றுக்கொள்வது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏம்மா, சலங்க கட்டுறியாமே? அரங்கேத்தம் எப்ப? டிராக்டர் வச்சு ஜனங்கள இட்டாறேன்."

"அரங்கேத்தமெல்லாம் இல்ல மாமா. ஒடம்புக்காக."

"ஒடம்புக்குன்னா களையெடுக்க வாயேன். நம்ம கொல்லையில எவ்வளவு வேணும்னாலும் குனியலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "பெரியப்பா, அம்மா மாதிரி அரைமண்டி ஒக்காந்து காட்டுங்க பாக்கலாம்." அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

இத்தனை வருடத்தில் நான் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டேனா என்றால் இல்லை. சிதம்பரம் கோயில் கோபுரத்து உள்சுவரில் காலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் கல் பெண்களைப் பார்க்கும்போது வேறு ஜாதி உயிரினத்தைப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். நான் கற்றது வேறு. என் உடம்பு பயப்படுவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் கால்விரல்கள் செருப்பைக் கவ்வும். பிறகு வயிறு உள்ளே போகும். அடுத்தது தோள். கடைசியில் வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் நுழையும், அதற்குப் பிறகு எது கிடைத்தாலும் பிடிக்கும். தாளத்துக்குக் கால், கை, கழுத்து எது எப்போது என்று பார்த்துப் பார்த்து, இதையும் ஒரு அடவு மாதிரி பார்க்கப் பழகிவிட்டேன். நிறுத்தத் தெரியாது. எங்கே வந்திருக்கிறது என்று தெரியும்.

2009இல் ஆனித் தேருக்கு மகள் என்னோடு சிதம்பரம் வந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட். தேர் பார்க்க வேண்டும், வீதிக் கடையில் கண்ணாடி வளையல் வாங்க வேண்டும். கிளம்பும் முன்பே சொல்லிவிட்டாள்: "கையப் புடிக்கக் கூடாது. புடிச்சா அடுத்த பஸ்ஸ புடிச்சு வூட்டுக்கு வந்துடுவேன்." நாங்கள் இருவர் மட்டும் இவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் போவது, அலைக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

தெற்கு வீதியில் வெயிலும் மோரும் ஜனமும். ஒரு துணிக்கடையின் வாசலில் நின்றோம். அவள் எனக்கு ஒரு முழம் முன்னால். பிள்ளையார் தேர் போனது, முருகன் தேர் போனது. நடராஜர் தேர் வரும்போது வடம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "ஒதுங்கு, ஒதுங்கு" என்று முன்னால் யாரோ கத்தினார்கள். கூட்டம் அப்படியே பின்னால் வந்தது. ஒன்றும் பெரிதாக இல்லை, தேருக்குத் தேர் நடப்பதுதான். ஆனால் நிறையப் பேர் ஒரே சமயத்தில் பின்வாங்கும் காலடிச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

கால்விரல் கவ்வியது. வயிறு போனது. தோள் ஏறியது. கட்டைவிரல் உள்ளே போக ஆரம்பித்தது.

"புடிக்கப் போறேன்" என்றேன்.

அலுவலகத்தில் கரண்ட் போகப் போகிறது, எல்லோரும் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள் என்று சொல்வேனே, அந்தக் குரலில்தான் வந்தது. பக்கத்தில் நின்றவர் தன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

மகள் திரும்பவில்லை. தேரைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினாள். "மணிக்கட்டு வேணாம். வெரலப் புடி."

அவளுடைய நான்கு விரல்களையும் பிடித்துக்கொண்டேன். கூட்டம் எங்களைக் கடையின் இரும்புக் கதவு வரை தள்ளிவிட்டு நின்றது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டார்கள். வடத்தை நேராக்கினார்கள். தேர் மறுபடி கிளம்பி, எங்களைத் தாண்டி, முனையில் திரும்பியது.

"போதும். விடு."

கை விட்டது. நான் விட்டேன் என்றுதான் எழுத வேண்டும், செய்தது நான்தான். அவள் விரல்களை முகத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நான் வளையல் பாத்துட்டு வரேன். நீ இங்கயே இரு."

"நானும் வரேனே."

"இங்கயே இரும்மா."

இருந்தேன். அவளுடைய தலை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பாதம் முழுதாகத் தரையில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. தோள் இறங்கியிருந்தது. பயம் போகவில்லை. கையில் இடமில்லாமல் வயிற்றில் போய்க் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தது. போன் செய்ய அவளிடம் போன் கிடையாது. மோர் கொடுத்தார்கள், குடித்தேன். மறுபடியும் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

அவள் வந்தபோது காகிதத்தில் பச்சை வளையல்கள் இருந்தன. ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"அந்தக்கா கைய ஒடிக்கிற மாதிரி போடுது. நீ போட்டு வுடு."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

இரும்புக் கதவோரம் நின்று அவள் கையை என் கைக்குள் வாங்கினேன். கண்ணாடி வளையல் போட, விரல்களைக் குவித்து, கட்டைவிரல் எலும்பை உள்ளே மடக்கி, மெல்ல அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்தம் ஜாஸ்தியானால் உடையும், குறைந்தால் ஏறாது. கையைத் தளர்த்தச் சொன்னேன். தளர்ந்துதான் இருக்கிறது என்றாள். இல்லை. என் கையைப் போலவே அவள் கட்டைவிரலும் உள்ளே மடங்கி இறுகியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

அவசரம் இல்லை என்று சொன்னேன். உள்ளங்கையை என் உள்ளங்கைமேல் வைத்துக்கொண்டு இருவரும் சும்மா நின்றோம். சண்டிகேசுவரர் தேர் போனது. பிறகு போட ஆரம்பித்தேன். முதல் வளையல் உடைந்தது. மற்றவை ஏறின.